தானத்து மாடும் பல்லும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மவர் பழமொழி. கொடுத்தவன் மனம் நோகக் கூடாதே என்கிற பெருந்தன்மை அதில் இருக்கிறது. மாட்டுக்குச் சரி. மனித எலும்புக்கும் அது பொருந்துமா?

எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிச் சக்கரத்துக்குக் காலைக் கொடுத்தவர்களை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவது ராயபுரத்துக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. நொறுங்கிய எலும்பின் இடைவெளியை நிரப்ப, அவரவர் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைப்பது வைத்திய முறை. அது போதாதபோது பிறர் எலும்பு தேவைப்படுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988 முதல் இதற்கென்றே ஒரு திசு வங்கி இருக்கிறது. அங்கே காமாக் கதிரைப் பாய்ச்சிக் கிருமிகளை அழிக்கிறார்கள்.

கொடுப்பவர் நல்லவர், ரத்தத்தையும் சோதித்தாயிற்று, பிறகென்ன என்று தோன்றும். 1985-இல் அமெரிக்காவில் இறந்த ஒருவரின் ரத்தச் சோதனையில் எய்ட்ஸ் கிருமி அகப்படவில்லை. தொற்றிய புதிதில் அது அகப்படாது. பதப்படுத்தாமல் உறையவைத்த அவருடைய எலும்பைப் பெற்றவர்களில் மூவருக்கு நோய் தொற்றியது. அதே நாட்டில் 2021-இல், ஒரே மனிதரின் எலும்பிலிருந்து செய்த பொருள் 113 பேருக்கு வைக்கப்பட்டு, பலருக்குக் காசநோய் கண்டது. அது உயிரணுக்களோடு கூடிய பொருள். கதிரைப் பாய்ச்சினால் அவையும் செத்துவிடும்.

ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும். பிணவறை வாசலில் அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம், "இருமல் இருந்ததா? ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா? வேறு சகவாசம் உண்டா?" என்று கேட்க வேண்டும். கொடுமைதான். சினந்து, கொடுக்கமாட்டேன் என்று அவள் எழுந்து போகவும் கூடும். போகட்டும், அந்த எலும்பை இழப்போம். நம்முடைய தாட்சண்யத்துக்கு வேறொருவன் உடம்பால் விலை கொடுக்கச் சொல்ல நமக்கு ஏது உரிமை?

காசிமேட்டில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், விற்பவள் கோபிப்பதில்லை. அறுவை மேஜையில் மயங்கிக் கிடப்பவனால் எதையும் தூக்கிப் பார்க்க முடியாது. அவனுக்காகப் பார்க்க யாராவது வேண்டும்.

உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை தரப்படும் என்று தமிழக அரசு 2023-இல் அறிவித்தது. நல்ல காரியம். அந்தக் கேள்விகளையும் நான் மரியாதையோடுதான் சேர்ப்பேன். இன்னொருவன் எழுந்து நடக்கட்டும் என்றுதானே அந்த மனிதர் கொடுத்தார்?