நனவில் ஒடுங்கும் மனம்

விழித்திருக்கும் ஒருவரின் உள்ளத்தில் சிறிது நேரம் எந்த எண்ணமும் இல்லாது போகுமானால், அந்நிலை இறையனுபவத்தின் வாயிலா, அன்றி உறக்கத்தின் ஓரமா என்பது தமிழ்ச் சமய மரபுக்குப் புதிய கேள்வி அன்று. மனம் அடங்குதலைச் சைவமும் வேதாந்தமும் யோகமும் ஒருங்கே போற்றுகின்றன. சும்மா இருத்தலைப் பெரும்பேறாகப் பாடிய அருணகிரிநாதரும் தாயுமானவரும் அந்த மதிப்பைப் பொதுமக்கள் வழக்கிலும் நிலைநிறுத்தினர். ஆயினும் எண்ணம் ஒழிந்த நிலை ஒவ்வொன்றும் மனம் அடங்கிய நிலைதானா என்பதில் அம்மரபு மிகுந்த எச்சரிக்கை காட்டியது. அண்மைக் காலத்தில் மூளை அறிவியலும் இதே நிலையை ஆய்வுக்கூடத்தில் அளக்கத் தொடங்கியிருப்பதால், அந்த எச்சரிக்கையின் பொருள் முன்னிலும் தெளிவாக விளங்குகிறது.

உளவியலார் இந்நிலையை மனவெறுமை என்ற பொருளில் தனியே பிரித்துப் பேசத் தொடங்கியது பெரும்பாலும் 2013-இல் ஏட்ரியன் வார்ட், டேனியல் வெக்னர் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே ஆகும். ஒரு வேலையில் ஈடுபட்டிருப்பவரை இடையில் நிறுத்தி, அந்தக் கணத்தில் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்பதே இத்துறையின் அடிப்படை முறை. கேட்கப்படுபவர் வேலையைச் சொல்லலாம். வேறு நினைவைச் சொல்லலாம். இரண்டும் இன்றி, ஒன்றுமே இல்லை என்றும் சொல்லலாம். முடிச்சூரிலிருந்து தாம்பரம் வந்து கடற்கரை மின்ரயிலில் ஏறும் பயணி ஒருவர், சானடோரியமும் குரோம்பேட்டையும் கடந்ததை அறியாமல் பல்லாவரத்தில் திடுக்கிட்டு விழிப்பாரானால், இடையில் அவர் வீட்டுக் கடன் தவணையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்திருக்கலாம்; அது மனம் அலைதல். கண் திறந்திருக்க, கை கம்பியைப் பற்றியிருக்க, இறங்குவோருக்கு வழிவிட்டு உடல் தானே ஒதுங்கியிருக்க, சொல்வதற்கு மட்டும் எதுவும் இல்லையாயின் அதுவே மனவெறுமை. இவ்வாறு கேட்டறிந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 5 முதல் 20 விழுக்காடு வரை இப்படிக் கழிவதாக மதிப்பிடுகின்றனர்.

இவ்வெறுமையின்போது மூளையில் நிகழ்வது என்ன என்பதற்குக் கிடைத்துள்ள விடை வியப்பளிப்பது. ஆழ்ந்த உறக்கத்தில் நரம்பணுக்கள் கூட்டங்கூட்டமாகச் சிறிது நேரம் ஓய்வதும் மீண்டும் இயங்குவதுமாக இருப்பதால், தலையின் மேற்பரப்பில் மின்வாய்களைப் பொருத்தி எடுக்கும் இ.இ.ஜி. பதிவில் மெதுவான பேரலைகள் தோன்றும். தாமஸ் ஆந்திரியோனும் உடனாய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய அலைகள் விழித்திருப்பவரின் மூளையிலும் அங்கங்கே, சிறுசிறு பகுதிகளில் எழுவதைக் காட்டியது. அவை மூளையின் முன்பகுதியில் எழும்போது மனம் அலைவதும், பின்பகுதியில் எழும்போது மனம் வெறுமையாவதும் அதிகம் காணப்பட்டன. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழுவினர் 2022-இல் வெளியிட்ட காந்தப் படமெடுப்பு ஆய்விலோ, வெறுமை கூறப்பட்ட கணங்களில் மூளைப் பகுதிகள் தத்தம் வேலையில் பிரிந்து நிற்காமல் யாவும் ஒருசேர ஏறி இறங்கும் அமைப்பு மிகுந்திருந்தது. ஆகவே, கண் விழித்திருக்கும்போதே மூளையின் ஒரு பகுதி உறங்க இயலும் என்பதும், அன்றாட வெறுமையில் ஒரு பங்கேனும் அத்தகைய உறக்கம் என்பதும் இவ்வாய்வுகளிலிருந்து பெறப்படுகின்றன.

இம்முடிவு தென்சென்னைப் புறநகர்ப் பகுதிக்கு நெருக்கமான ஒரு தவமுறையைத் தொட்டுச் செல்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்து, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவிய வேதாத்திரி மகரிஷி, தம் மனவளக்கலையில் ஆக்கினை, துரியம், துரியாதீதம் எனப் படிப்படியாகத் தவங்களை அமைத்தார். மன அலைச்சுழலின் விரைவு பீட்டா, ஆல்ஃபா, தீட்டா, டெல்டா என்று குறையக் குறைய மனம் அமைதியும் நுட்பமும் பெறும் என்று இ.இ.ஜி. அளவுகளின் வழியே விளக்கினார். நனவு, கனவு, உறக்கம் முதலிய உயிரின் நிலைகளைப் பற்றிய பழைய அவத்தைக் கொள்கையைத் தம் காலத்து அறிவியலின் மொழியில் எளிய மக்களுக்கு உணர்த்த முயன்ற அவருடைய துணிவு மதிக்கத்தக்கது. எனினும் அலையின் மெதுமை ஒன்றை மட்டும் கொண்டு உள்நிலையை அளந்தால், தவம் செய்பவரும் அமர்ந்தபடியே அயர்ந்துபோனவரும் ஒரே இடத்தில் வைக்கப்படுவர். அவரே விழிப்புநிலையை ஓயாமல் வற்புறுத்தியதற்கு இக்குழப்பத்தைத் தவிர்க்கும் நோக்கமும் காரணம் எனலாம்.

அவத்தைக் கொள்கையின் முழுவடிவைச் சைவ சித்தாந்தத்தில் காணலாம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் நூற்பா, அமைச்சரோடு கூடி அரசன் ஆள்வது போல உயிர் மனம் முதலிய உட்கருவிகளாகிய அந்தக்கரணங்களோடு கூடியே அறிகிறது என்றும், இயல்பாகவே பற்றி அறிவை மறைக்கும் ஆணவ மலத்தால் அது தானே அறியமாட்டாது என்றும் கூறி, ஐந்து அவத்தைகளை அதற்கு உரியனவாக்குகிறது. நனவில் 35 கருவிகள் உயிரோடு தொழிற்படும்; கனவில் அவை 25 ஆகும்; உறக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என மூன்றே எஞ்சும்; துரியத்தில் இரண்டும், துரியாதீதத்தில் புருடன் ஒன்றும் நிற்கும். இங்குக் கவனிக்க வேண்டியது, இவ்வைந்தும் இரவில் மட்டும் நிகழ்வன அல்ல என்பதே. நனவுக்குள்ளேயே ஐந்தும் நிகழும் என்றும், விழித்திருப்பவர் மறப்பதும் நினைப்பதும் அவ்வாறே என்றும் கூறும் சித்தாந்திகள், அதனை மத்தியாலவத்தை என வகுத்தனர். அதே வேளையில், அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், நனவிலேயே துரியாதீதம் எய்தியவர்களைப் பற்றற்ற தவத்தோர் என உயர்த்திப் பேசுகிறது. ஒரே பெயர் கொண்ட இரு நிலைகளில் முன்னது கருவிகள் கழன்றதால் மலத்தின் இருளில் உயிர் அழுந்துவது. பின்னது மலம் நீங்கித் திருவருளில் உயிர் நிற்பது. முன்னதைக் கேவலம் என்றும் பின்னதைச் சுத்தம் என்றும் அவர்கள் வேறுபடுத்தியதன் கருத்து, எண்ணம் போயிற்றா என்பதைவிட எது அதைப் போக்கிற்று என்பதே முதன்மை என்பதாகும்.

ரமண மகரிஷி 1927-இல் இயற்றிய உபதேச உந்தியாரும் மன ஒடுக்கத்தை இலயம், நாசம் என இரண்டாக்கி, இலயித்த மனம் மீண்டும் எழும் என்று எச்சரிக்கிறது. சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டு நெடுங்காலம் இலயத்தில் மூழ்கிய யோகி, விழித்தவுடன் தண்ணீர் எங்கே என்றே கேட்டதாக அவர் கூறிவந்த கதை, இலயம் எத்தனை நீண்டாலும் உள்ளிருந்த வேட்கையை அது சிறிதும் கரைப்பதில்லை என்பதை உணர்த்துகிறது. பதஞ்சலி முனிவரும் உறக்கத்தை மன அசைவின் ஒழிவாகக் கொள்ளாமல், இன்மையைப் பற்றிநிற்கும் ஓர் அசைவாகவே எண்ணினார்.

இதுவரை அறிவியலும் மரபும் உடன்பட்டே செல்கின்றன. பிணக்கு எழுவது, வெறுமையின்போது அறிபவன் இருந்தானா என்ற கேள்வியில். ஒன்றும் இல்லை என்று பின்னர்ச் சொல்வது நினைவே என்றும், நினைவு இருப்பதால் அப்போது சாட்சியும் இருந்தது என்றும் அத்துவைதிகள் வாதிடுவர். அது நினைவன்று, இடைவெளியைக் கண்டு பின்னர்ச் செய்யும் அனுமானமே என்று நியாயவாதிகள் மறுப்பர். சித்தாந்தியோ, உயிர் அப்போதும் உளது, ஆனால் அறிவிப்பது இன்மையால் அறியாது கிடந்தது என்பார். ஆய்வுக்கூடத்தில் பெறப்படும் பதிலும் இதே சிக்கலுக்கு உட்பட்டது. உள்ளடக்கமே இல்லாதிருந்ததா, இருந்தது மறந்ததா, சொல்லாக்க முடியாது நழுவியதா என்பதைக் கேள்வி கேட்பதால் மட்டும் பிரித்தறிய இயலாது.

சித்தாந்தத்துக்கும் இங்கு ஒரு கடினமான சோதனை உண்டு. உறக்கத்தில் உடல் இருந்தும் நுகர்ச்சியும் செயலும் இல்லாமையால் உடல் அறிபவனன்று என்று சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா நிறுவுகிறது. உறக்கத்திலும் வெறுமையிலும் மூளையின் இயக்கமே மாறிவிடுகிறது என்று காட்டப்பட்ட பின், உடல் முன்போலவே இருந்தது என்னும் முற்கோள் பழைய உறுதியோடு நிற்காது. உயிரின் இருப்பை நாட்ட விரும்புபவர் இவ்வொரு காரணத்தை விடுத்து, அந்நூற்பா கூறும் ஏனைய காரணங்களையே நாட வேண்டியிருக்கும். ஆயினும் அறிவு கருவிகளைச் சார்ந்தே விளங்குகிறது என்ற நான்காம் நூற்பாவின் கருத்துக்கு இவ்வாய்வுகள் வலுச்சேர்க்கின்றன. மாறாத சாட்சியை அன்றாட வெறுமையிலேயே காட்டலாம் என்னும் நம்பிக்கைக்கோ அவை இடம் தருவதில்லை.

எனவே, தியானத்தில் அமர்ந்தவர் வெறுமை வந்ததைக் கொண்டு தம் நிலை உயர்ந்ததென மகிழ்வதற்கோ, பூசையிலும் செபத்திலும் மனம் அற்றுப்போவதைப் பாவமென அஞ்சுவதற்கோ காரணம் இல்லை. உறக்கக் குறைவும் களைப்பும் பல வேளைகளில் அதற்குப் போதிய விளக்கமாகும். உறக்க அலைகள் சிறிதும் எழாமல், எண்ணமும் இல்லாமல், தெளிவு மட்டும் குன்றாதிருக்கும் ஒருவரின் மூளை என்றேனும் நம்பத்தக்க முறையில் பதிவு செய்யப்படுமானால், கேவலத்துக்கும் சுத்தத்துக்கும் இடையே சித்தாந்தம் வகுத்த எல்லைக்கு உடலளவில் ஓர் அடையாளம் கிடைக்கும். அத்தெளிவு உயிரின் சொந்த ஒளியா, அருளால் பெற்றதா என்னும் வழக்கு அப்பொழுதும் அத்துவைதிக்கும் சித்தாந்திக்கும் இடையே எஞ்சி நிற்கும். அதைத் தீர்க்கும் பொறுப்பை எந்தக் கருவியிடமும் ஒப்படைக்க முடியாது.