எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்கள்



மதீனாவில் அறிவில் சற்றுக் கோளாறுடைய பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் எனக்கொரு காரியம் ஆகவேண்டும் என்றார். நபிகளார் அவரைத் தட்டிக்கழிக்கவில்லை, வேறொருவரிடம் தள்ளிவிடவுமில்லை. இன்னாரின் தாயே என்று மரியாதையாக விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச விருப்பமோ அங்கே வருகிறேன் என்று சொல்லி, அப்படியே போய், அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இதைப் பணிவுக்கு உதாரணமாகத்தான் நான் படித்தேன். கோவில்பட்டிப் பக்கம் இமாமாக வந்த பிறகுதான் இதில் வேறொரு பாடமும் இருப்பது விளங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், விளாத்திகுளம் போகும் வழியிலுள்ள ஒரு கரிசல்காட்டு ஊரிலிருந்து ஒரு தாய் தன் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பாலிடெக்னிக் படித்து மில்லில் வேலை பார்த்த பையன். இருபத்திரண்டு வயது. யாரோ தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள் காதில் கேட்பதாகவும், மில்லில் எல்லோரும் சேர்ந்து தன்னைக் கொல்லப் பார்ப்பதாகவும் சொல்லி வேலையை விட்டுவிட்டான். "ஜின்னு பிடிச்சிருக்கு ஹஜ்ரத், ஓதிப் பாருங்க" என்றார் அந்தத் தாய். நான் ஓதினேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் ஏதாவது மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று நான் கேட்கவேயில்லை. கொடுத்திருந்தார்கள். ஓதிய தண்ணீரோடு மாத்திரையும் கொடுத்தால் தவக்குல் குறைந்துவிடுமோ என்று பயந்து, அந்தத் தாய் அதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்திற்குள் பையன் நள்ளிரவில் வீட்டைவிட்டு இறங்கி நடந்து போய்விட்டான். மூன்றாம் நாள் கயத்தாறு பஸ் நிறுத்தத்தில், காலெல்லாம் புண்ணாகிக் கிடந்தவனைக் கண்டுபிடித்தார்கள். இதில் என் பங்கு என்ன என்பதை நான் என் ரப்பிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, நபிகளார் தயங்கவில்லை. அல்லாஹ்வின் அடியார்களே, மருந்து செய்யுங்கள், முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அவன் நிவாரணம் வைத்திருக்கிறான் என்ற பொருள்பட விடை சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ இரண்டிலும் வரும் ஹதீஸ் இது. நம் முன்னோர் இதைக் கேட்டதோடு நிற்கவில்லை. 1284ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய பெரிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப்பகுதியே இருந்தது. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விரட்டும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

பையனின் நோய்க்கு மனச்சிதைவு என்று பெயர். உலகத்தில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு இது வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் வாலிபப் பருவத்தில், படிப்பும் வேலையும் கல்யாணமும் கூடிவரும் வேளையில் வந்து விழுகிறது. வளர்ப்பு சரியில்லாததால் வருவதல்ல இது. பெற்றோரின் பாவத்திற்குத் தண்டனை என்று சொல்லவும் எவருக்கும் அதிகாரமில்லை.

மீண்டும் சிகிச்சை தொடங்கி, குரல்கள் அடங்கின. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். ஆனால் அதன் பிறகுதான் வீட்டில் உண்மையான சோதனை ஆரம்பமாயிற்று. பையன் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருந்தான். குளிக்கச் சொன்னால்தான் குளித்தான். முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. "சத்தம் கேக்கலைன்னு அவனே சொல்றான், பெறகு என்ன? எல்லாம் திமிரு" என்றார் தாய்மாமா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

மனநல மருத்துவர்கள் சொல்வது வேறு. இந்த நோயில் குரல் கேட்பதும் சந்தேகமும் வெளியே தெரியும் பாதி. மனதில் உந்துதல் வற்றிப் போவது தெரியாத பாதி. அத்தோடு கவனமும் ஞாபகமும் மந்தமாகின்றன. ஒருவன் திரும்ப வேலைக்குப் போவதையும் நாலு பேரோடு பழகுவதையும் பெரும்பாலும் தடுப்பது அந்தக் குரல்களைவிட இந்த வறட்சிதான். மாத்திரையாலும் சிலருக்குத் தூக்கமும் கைநடுக்கமும் உடல் விறைப்பும் உண்டாகும். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்துவது பெருந்தவறு. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிக் கொடுப்பார். நம் கரிசல் பூமியின் சித்திரை வெயிலில் இம்மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு உடல் சூடு எளிதில் ஏறிவிடும் என்பதையும் அவர் சொன்னார். தண்ணீர் நிறையக் கொடுங்கள்.

அரசாங்கமே இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வதில்லை. மனநோயாளிக்கு ஊனச் சான்றிதழ் தரும்போது நம் நாட்டில் நான்கு காரியங்களை அளக்கிறார்கள்: தன் உடம்பைத் தானே பேணுவது, மற்றவரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. கௌரவம் பார்த்துச் சான்றிதழ் வாங்காமல் இருக்கும் வீடுகள் நம் மஹல்லாக்களில் உண்டு.

அந்தத் தாய் மகனுக்கு ஏவும் முறையைக் கவனித்தேன். "கடைக்குப் போயி பருப்பு வாங்கு, மீதிக் காசுல சோப்பு வாங்கு, வரும்போது பெரியம்மா வீட்டுல சாவியக் குடுத்துட்டு வா." பையன் தெருமுனையில் திகைத்து நிற்பான். திரும்பி வந்ததும் ஏச்சு. ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லிப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகு, பருப்பு மட்டும் வீடு வந்து சேர்ந்தது. சோப்பு அடுத்த நாள் வந்தது.

வீட்டாரின் நாவைப் பற்றியும் சொல்லவேண்டும். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். குத்திப் பேசும் வீட்டுக்கும், ஒரேயடியாகப் பொத்திப் பொத்தி வைக்கும் வீட்டுக்கும் போனவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பி வந்ததை 1972ல் எழுதி வெளியிட்டார்கள். பிறகு நம் நாட்டில் சண்டிகரில் பார்த்தபோது, குத்திப் பேசும் குடும்பங்கள் லண்டனைவிடக் குறைவாக இருந்தன. இது நமக்குப் பெருமைதான். ஆனால் சண்டிகரில் குறைவு என்பதால் நம் தெருவில் இல்லை என்று ஆகிவிடாது.

திருமறை இதை எப்போதோ தொட்டுவிட்டது. சூரத்துந் நிஸாவின் ஐந்தாவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். அறிவு முதிராதவர்களிடம் செல்வத்தை ஒப்படைத்துவிடாதீர்கள் என்று சொல்லும் அல்லாஹ், அதோடு விட்டுவிடவில்லை. அவர்களுக்கு உணவும் உடையும் கொடுக்கச் சொல்கிறான். பிறகு, அவர்களிடம் நல்ல வார்த்தை பேசச் சொல்கிறான். சோறு போடுகிறோமே, போதாதா என்று கேட்பவர்கள் அந்தக் கடைசிக் கட்டளையை ஓத மறந்துவிடுகிறார்கள்.

மூவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸ் எல்லோரும் அறிந்ததே: உறங்குபவர், சிறுபிள்ளை, புத்தி பேதலித்தவர். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் புத்தி பேதலித்த ஒரு பெண் தண்டனைக்குக் கொண்டு போகப்பட்டபோது, அலீ (ரலி) அவர்கள் வழிமறித்து இந்த ஹதீஸைத்தான் நினைவூட்டினார்கள். கலீஃபா உடனே அப்பெண்ணை விடுவித்துவிட்டார்கள். மலக்குகளே எழுதாமல் விட்டதை நாம் ஏன் எழுதிக்கொண்டே இருக்கிறோம்? ஆனால் ஒன்று. இந்த நோய் உள்ளவர் எந்நேரமும் பைத்தியக்காரர் என்ற சட்டத்தில் வரமாட்டார். தெளிவு உள்ளபோது தொழுகை அவருக்கும் கடமைதான். நோன்பிலோ, மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று மருத்துவரைத்தான் கேட்கவேண்டும். முடியாது என்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. நோன்புக்காக மாத்திரையை விட்டு, பெருநாளன்று ஆஸ்பத்திரியில் கிடந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஏர்வாடி. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய மனநோயாளிக் காப்பகங்களில் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். ஜியாரத் பற்றிய வாதத்திற்கு இது இடமல்ல. சங்கிலி எந்த கிதாபில் இருக்கிறது என்பது மட்டுமே என் கேள்வி. அவர்களைப் பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டு வந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வழி தெரியாமல் ஓய்ந்து போன தாய் தந்தையர்தான். அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் கூடாது என்று தடுத்துவிட்டது. அதே ஏர்வாடியில் பின்னாளில் அரசு மனநல மருத்துவர்கள் வந்து, ஓதுகிறவர்களோடு சேர்ந்து துஆவும் தவாவும் என்ற முறையில் சிகிச்சை தரத் தொடங்கினார்கள். இந்தப் புத்தி நமக்கு முன்பே வந்திருக்கலாம்.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பேச்சு முடியாது. ஒரு நிக்காஹ் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்துப் பெண் கேட்கிறார்கள், பெண்ணுக்கும் மறைத்தே கொடுக்கிறார்கள். தானியக் குவியலில் ஈரத்தை அடியில் மறைத்து விற்றவரிடம், மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள் நபிகளார். தானியத்திற்கே அப்படியென்றால் ஒரு பெண்ணின் வாழ்வுக்கு? மறைத்துக் கட்டிய பிறகு மருமகள் ஒளித்து மாத்திரை விழுங்குகிறாள், பிறகு அதை நிறுத்துகிறாள், நோய் திரும்புகிறது, தாய் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தார், இப்படிக் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சொல்லிச் செய்த கல்யாணங்கள் நிலைத்திருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். நிக்காஹ் ஓதி வைக்கும் இமாம்கள் இரு வீட்டாரையும் தனித்தனியே கேட்டுவிடுவது நல்லது. நான் இப்போது கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு வேலை தேடினோம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் வேலை இருந்தது. மாத்திரை மயக்கத்தோடு மருந்தும் நெருப்பும் உள்ள இடம் வேண்டாமென்று விட்டோம். கடலைமிட்டாய் கம்பெனி நடத்தும் ஒருவர் பாக்கெட் போட வரச் சொன்னார். காலையில் மட்டும் வேலை, பாக்கெட் கணக்கில் கூலி. முதல் வாரம் மற்றவர்கள் போட்டதில் கால்வாசிகூடப் போடவில்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தது எவ்வளவு பெரிய ஸதகா என்பதை அவர் அறிவாரோ என்னவோ. ஆறு மாதத்தில் பாதி அளவுக்கு வந்தான். இன்னமும் பாதிதான். இஷாவுக்குப் பின் உம்மா கையால் மாத்திரை. மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரி. மாமா இப்போதும் முணுமுணுக்கிறார், ஆனால் அவன் காதுபட அல்ல. இரவு நேரத்தில் கைமீறிப் போனால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடச் சொல்லிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜும்ஆவுக்கு வருகிறான். கடைசி ஸஃப்பில் கதவோரம் நிற்பான். அவனுக்கு இரு பக்கமும் ஓர் ஆள் நிற்குமளவுக்கு இடம் விட்டே மற்றவர்கள் நிற்பார்கள். ஸஃப்பை நெருக்கமாக்குங்கள் என்று நான் வாரந்தோறும் சொல்வேன், முன் வரிசைகள் நெருங்கும், அந்த இடைவெளி மட்டும் அப்படியே இருக்கும். சென்ற வெள்ளிக்கிழமை இகாமத் சொல்லும்போது திரும்பிப் பார்த்தேன். பஜாரில் பழக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் தம் இடத்தைவிட்டுப் பின்னால் போய், அவன் தோளோடு தோள் சேர்த்து நின்றுகொண்டிருந்தார்.