அட்வான்ஸ் யாருக்குச் சொந்தம்?

வீடு பிடித்துப்போனதும் வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் பணத்தை வைத்து நீட்டுவார்கள். புரோக்கர் ஒரு தாளில் நாலு வரி எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்குவார். அதில் விலை இருக்கும், கெடு இருக்கும். கிரயம் நடக்காவிட்டால் அந்தப் பணம் யாருக்கு என்பது பெரும்பாலும் இருக்காது. நல்ல காரியத்தின்போது அபசகுனமாகப் பேசக்கூடாதாம். மூன்று மாதம் கழித்துப் பஞ்சாயத்து அங்கிருந்துதான் கிளம்புகிறது.

சில வழக்குகளில் யோசிக்கவே ஒன்றுமில்லை. சொத்தில் தங்கைக்குப் பங்கு இருப்பதை மறைத்தவர் முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும். வாங்க வந்தவர் வக்கீலுக்குக் கொடுத்த ஃபீஸையும் சேர்த்து. பக்கத்துத் தெருவில் மலிவாக ஒன்று கிடைத்ததும் நழுவுகிறவர் அட்வான்ஸை இழப்பதும் நியாயமே. விலை ஏறியதும் மனம் மாறிய விற்பனையாளரோ, ஆறு மாதம் வைத்திருந்த பணத்தை வட்டியில்லாமல் நீட்டிவிட்டுக் கணக்கு தீர்ந்தது என்கிறார். வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போகும், விற்பவர் பின்வாங்கினால் பணம் திரும்பும், அவ்வளவுதான் என்கிற இந்த வழக்கம் ஒருதலைப்பட்சமானது.

யார் மீதும் தப்பில்லாதபோதுதான் சிக்கல். வங்கி கடன் தர மறுக்கிறது. மாடி அப்ரூவல் பிளானில் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். கடன் கேட்டவருக்குத் திடீரென வேலை போனதாகவும் இருக்கலாம். இதற்கிடையே விற்பவர் வேறு ஆட்களைத் திருப்பி அனுப்பியிருப்பார். வாங்கிய பணத்தை அப்படியே இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்தும் இருப்பார். “நான் எங்கே போவேன்?” என்று இரண்டு பேருமே கேட்கிறார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானதுதான்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே உண்டு என்கிறது. கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் டெல்லி வளர்ச்சி ஆணையம் 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் போன மனைக்கு வாங்கிய 78 லட்சத்தைப் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. ஏலம் எடுத்தவர் ஒப்பந்தத்தை மீறவில்லை, ஆணையத்துக்கு நஷ்டமும் இல்லை என்று சொல்லி, வட்டியோடு பணத்தைத் திருப்பித் தரும்படி 2015-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் 2012-இல் இன்னொரு வழக்கில், 70 லட்சம் ரூபாய் சொத்துக்கு உறுதிப் பணமாகக் கொடுத்த 7 லட்சத்தை, வாங்குபவர் ஒப்பந்தப்படி நடக்காததால் விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த இரண்டில் முதல் தீர்ப்பின் பக்கமே அறம் நிற்கிறது. அட்வான்ஸ் என்பது காத்திருப்பதற்கு ஈடு. காத்திருந்ததில் எவ்வளவு போயிற்றோ, குறைந்த விலைக்கு விற்கவேண்டி வந்தால் எவ்வளவு குறைந்ததோ, அதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதமே கூடுதல் விலைக்கு விற்றவருக்குப் பழைய அட்வான்ஸ் வெறும் லாபம். ‘அப்படியானால் ஆளுக்கு மூன்று வீட்டுக்கு டோக்கன் போட்டுவைப்பார்களே’ என்று கேட்கலாம். வேண்டுமென்றே விலகுகிறவருக்குச் சிறு தண்டம் இருக்கட்டும். வேலை போனவருக்கும் அதே தண்டம் என்பது அநியாயம்.

ரொக்கம் தனிக்கதை. சொத்து அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூனிலிருந்து தடுக்கிறது. ஆனாலும் கைமாறுகிறது. ரசீதில் இல்லாத பணத்தைக் கோர்ட்டில் கேட்கக் கொடுத்தவர் தயங்குவார் என்று தெரிந்தே “வாங்கவே இல்லை” என்கிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு இழப்பீடு என்று பெயர் வைக்க முடியாது, இது திருட்டு.

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம். பதிவுக்குப் போகும் பத்திரத்தில், கடன் கிடைக்காவிட்டால் எவ்வளவு பிடித்தம், மீதி எத்தனை நாளில் திரும்பும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.