பீப் ஒலியும் மியூட் பொத்தானும்

கரண்ட் போனதும் யு.பி.எஸ். சில நொடிகளுக்கு ஒருமுறை 'பீப்' என்கிறது. அது பழுதல்ல. கணினி இப்போது பேட்டரியில் ஓடுகிறது என்ற தகவல். ஒலி வேகமெடுத்தால் சார்ஜ் தீரப்போகிறது. இடைவிடாமல் நீண்டால் பெரும்பாலும் ஓவர்லோடு. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓவர்லோடுக்குக் கணினி மையங்களில் அடிக்கடி காரணமாவது லேசர் பிரிண்டர். 600 வி.ஏ. பெட்டி ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் உருளை சூடாகும் நொடியில் பிரிண்டர் அதைவிடக் கூடுதலாக இழுத்துவிடும். பிரிண்டரை நேரே சுவர் பிளக்கில் செருகினால் ஒலி நின்றுவிடும்.

கரண்ட் இருக்கும்போதே ஒலித்தால் பிளக் தளர்ந்திருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பேட்டரி முனைகளை அரிக்கும். இணைப்பைத் துண்டித்துவிட்டுத் துடைத்தாலே சில பெட்டிகள் சரியாகிவிடும்.

ஆனால் பல இடங்களில் இவை எதையும் பார்ப்பதற்கு முன்பே விரல் மியூட் பொத்தானுக்குப் போய்விடுகிறது. காரணம் தெரிந்தபின் ஒலியை அடக்குவது நியாயம். தெரியாமல் அடக்குவது, தொந்தரவை மட்டும் நீக்கி ஆபத்தை அப்படியே விட்டுவைப்பது. சோம்பலை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. ஓயாமல் ஒலிப்பதைக் காது விலக்கிவிடுகிறது. கருவிகள் ஓயாமல் ஒலிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதனால் உயிர்களே போயிருக்கின்றன. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது.

எச்சரிக்கை எட்டாமலே போவது இன்னும் கொடியது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தில் மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. வீட்டு யு.பி.எஸ்.கள் கொஞ்ச நேரம் ஒலித்து அடங்கின. தூத்தூர் வட்டாரத்திலிருந்து நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகளுக்கோ, கரையில் சொன்ன எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லை, பலர் திரும்பவில்லை. செயற்கைக்கோள் வழியே கடலில் தகவல் பெற உதவும் ஜெமினி என்ற கருவி 2019-இல்தான் வந்தது. கரை சொல்வதை அது படகுக்குக் கொண்டுபோகும். படகு பதில் சொல்ல அதில் வழியில்லை.

நம் கையில் இருக்கும் எச்சரிக்கையான யு.பி.எஸ்.ஸைச் சோதிப்பதோ எளிது. பேட்டரி முழுதாக ஏறிய நாளில், முக்கிய வேலை எதுவும் ஓடாத நேரம் பார்த்துச் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். ஒலித்து, சில நிமிடமாவது தாங்கினால் பேட்டரி நன்று. உடனே அணைந்தால் மாற்ற வேண்டியதுதான். மூடிய ஈய அமில பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். வெப்பம் அதைக் குறைக்கும். குமரிக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு முறை சோதித்துக்கொள்வது நல்லது. கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும்.