நீர் வடியுமளவும்

திருநீர்மலையைச் சேவிக்க எழுந்தருளிய திருமங்கையாழ்வாரை மலையைச் சூழ்ந்த நீர் தடுத்தது. அது வடியுமளவும் ஆறு மாத காலம் காத்திருந்து சேவித்தார் என்பது ஐதிஹ்யம்.

அத்திவ்யதேசத்துக்கு அருகே, அடையாற்றங்கரையில் உள்ளது கைத்தறிக்குப் பேர்பெற்ற அனகாபுத்தூர். 2015 டிசம்பரில் ஆற்றுவெள்ளம் இங்கே வீடுகளுள் புகுந்தது. ஆழ்வார் காத்திருந்தது தமக்காக; பிள்ளைகள் முகம் பார்த்து நிற்கக் காத்திருப்பது தாய் தந்தையர்க்கு அதனினும் அரிது. சேற்றை வாரும்போது பெற்றோர் யாரை நோகிறார்கள், எதை நம்பி மறுபடி விளக்கேற்றுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேயிருப்பர்.

இவ்விடத்தில் கூரத்தாழ்வான் திருமாளிகையை அநுஸந்திக்க வேணும். பெருஞ்செல்வத்தைத் துறந்து திருவரங்கத்தில் உஞ்சவ்ருத்தியால் வாழ்ந்தவர். விடாமழையால் ஒருநாள் பிக்ஷைக்கு எழுந்தருளவில்லை, இருவரும் பட்டினி. அரவணை மணியோசை கேட்ட தேவிகள் ஆண்டாள், பர்த்தாவின் பசியை எண்ணிப் பெரியபெருமாளை உள்ளத்தால் நொந்துகொண்டாள். உடனே ப்ரஸாதம் வந்தது. அவள் நினைத்ததை அறிந்து ஆழ்வான் வருந்தினார், ஆயினும் ஏற்றார். (அத்தாயின் நினைவையும் பெருமாள் தள்ளவில்லையே!) அப்ப்ரஸாதத்தின் பலனாக அவதரித்தவர்களே பராசரபட்டரும் அவர் தம்பியாரும்.

பின்பு ஆசார்யனுக்காகக் கண்களை இழந்தார் ஆழ்வான். உடையவர் நியமனத்தால் பேரருளாளனிடம் கண் வேண்டப் போனவர், தமக்குத் தீங்கிழைத்த நாலூரானும் தாம் பெறும் பேற்றைப் பெற வேணும் என்று வேண்டி நின்றார்.

அத்தகப்பனாரின் திருக்குமாரரான பட்டர் ஸஹஸ்ரநாமத்துக்கு வ்யாக்யானமிட்டபோது, எம்பெருமானுடைய குணங்களையே விரித்து, அதற்குப் பகவத்குணதர்ப்பணம் என்று திருநாமம் சாற்றினார்.