வினையும் தொழுநோயும்

தொழுநோய் முற்பிறவி வினையின் பயன் என்னும் எண்ணம், 1873இல் நார்வே மருத்துவர் ஆன்சன் அதற்குரிய நுண்ணுயிரைக் கண்டறிந்த பின்னரும் இந்தியாவில் மறையவில்லை. அந்நோய் மணமுறிவுக்குரிய காரணமாகச் சட்டத்தில் 2019 வரை நீடித்தது. வினைக்கொள்கை துன்பத்தின் தோற்றுவாயை விளக்க முற்படுகிறதேயன்றித் துன்புறுவோரைத் தண்டிக்கும் உரிமையை எவருக்கும் வழங்குவதில்லை என்பதும், நோயுற்றவரை விலக்குவதே புதியதொரு தீவினை என்பதும் அக்கொள்கையிலிருந்தே பெறத்தக்க முடிவுகள். இவற்றைச் சொல்லாமல் விடும் சமயப் போதனை பாதிப் போதனையே. மனவடு அறிந்த பராமரிப்பு, அதாவது நோயாளி முன்னர்ப் பட்ட அவமதிப்பு அவருள் அச்சமாகத் தங்கியிருக்கக்கூடும் என்பதை உணர்ந்து, தொடுமுன் இசைவு கேட்டு, மறுக்கும் உரிமையையும் மதிக்கும் மருத்துவ முறை, இங்கு அறக்கடமையாகிறது. உணர்விழந்த பாதத்தின் புண்ணைக் கழுவும் செவிலியர், ஏன் இத்தனை தாமதம் என்று கடிந்துகொள்ளாமல், வரவிடாமல் தடுத்தது எது என்று கேட்பாராயின், 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சையை முழுமையாக முடிக்கும் துணிவு அந்நோயாளிக்குப் பிறக்கக்கூடும்.