யாருக்கு அஞ்சுவது?

கேமரன் மலையில் தமிழர்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டங்களில் ஒரு மாரியம்மனோ முருகனோ இருப்பார்கள். அங்கே ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தை எண்ணிப் பாருங்கள். மலாயாத் தோட்டங்களில் அன்று வெள்ளைக்காரத் துரை சொன்னதே சட்டம். அவருக்குக் கீழே கணக்கெழுதும் கிராணி, அவருக்கும் கீழே ஆள்களை மேய்க்கும் கங்காணி. குடியிருந்த லயத்து வீடும் தோட்டத்துக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போகும். இப்படி எல்லாப் பக்கமும் அடைபட்டிருந்த சனங்கள், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற வழியில், மஞ்சளும் குங்குமமும் பூசிய ஒரு கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அது கையாலாகாதவர்களின் ஆறுதல் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. துரைக்கும் மேலே ஒருத்தி இருக்கிறாள் என்று நம்புகிறவனை யாராலும் முழு அடிமையாக்க முடியாது. ஆனால், 'ஆத்தா பார்த்துக்குவா' என்று சொல்லிக்கொண்டு, பக்கத்து லயத்தில் நடக்கும் அநியாயத்தைக் கண்டும் வாய் திறக்காமலிருப்பதை நம்பிக்கை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அது பயம், திருநீறு பூசிய பயம்.

அப்பரை நினைத்துப் பாருங்கள். பல்லவ மன்னனின் ஆள்கள் அழைக்க வந்தார்கள்; அவர் போக மறுத்தார். பிறகு நீற்றறை, நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடல். கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரை சேர்த்தது என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். கேட்பவர்கள் கல் மிதந்ததைத்தான் வியக்கிறார்கள். எனக்கோ அந்த மறுப்புத்தான் பெரிது. கல் மிதக்கும் என்று அப்போது யாரும் அவருக்கு உறுதி சொல்லவில்லை. அவர் நம்பியது முடிவை அல்ல, சிவனை.

எல்லாக் கல்லும் மிதப்பதில்லை. 1941-இல் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்து சுட்டது. ஐந்து பேர் மாண்டார்கள். அவர்கள் சாமி பெயரால் போராடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மனிதனுக்கு அஞ்சி இறங்கமாட்டேன் என்ற அந்த நிமிர்வுக்கும் அப்பரின் மறுப்புக்கும் என்னால் வேறுபாடு காண முடியவில்லை. தோற்றவர்களைக் கடவுள் கைவிட்டார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்று கேமரன் மலைச்சரிவுகளில் கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தாரும் நேபாளிகளும் ஏராளம். நம் தாத்தாக்களைப் போலவே கடன்பட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள் அவர்களில் பலர். தோட்டத்துக் கோயிலில் தீபாராதனை பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களே, அவர்களில் ஒருவருக்குச் சம்பளம் மறுக்கப்பட்டாலோ பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொண்டாலோ, அவரோடு தொழிலாளர் இலாகா வரைக்கும் கூடப் போங்கள்.